பதின்மூன்று வயதுக்குப் பிறகு

(வார இறுதித் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள், பெற்றோர்கள் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அமெரிக்க யூதர்களிடையே பழைய நகைச்சுவை ஒன்று உண்டு. ஒரு ஜெப ஆலயத்தில் எலித் தொல்லை தாங்கவில்லை. பொறி வைத்தார்கள், மருந்து வைத்தார்கள், பூனை வளர்த்துப் பார்த்தார்கள். எதுவும் பலிக்கவில்லை. கடைசியில் ஆலயத்தின் சமய குருவான ரபியிடம் போய் நின்றார்கள். அவர் சொன்னாராம்: "எல்லா எலிக்கும் பார் மிட்ஸ்வா செய்து வைத்துவிடுங்கள். அப்புறம் ஒன்றுகூட இந்தப் பக்கம் தலைகாட்டாது."

பார் மிட்ஸ்வா என்பது 13 வயதில் ஒரு யூதப் பையன் சமயக் கட்டளைகளுக்குத் தானே பொறுப்பாளியாகும் நிலை. அதையொட்டி அவன் சபை முன்னால் நின்று யூத வேதமான தோராவிலிருந்து தனக்குரிய பகுதியை இராகத்தோடு ஓதுகிறான். பெண்பிள்ளைக்கு அது பாட் மிட்ஸ்வா. பிரிவைப் பொறுத்து 12 அல்லது 13 வயதில். மரபுப்படி பார்த்தால் கற்றலின் தொடக்கம் அது. நடப்பில் பெரும்பாலான வீடுகளில் வழியனுப்பு விழா. 2006-07 கல்வியாண்டில் அமெரிக்காவின் யூதத் துணைப் பள்ளிகளைக் கணக்கெடுத்தார்கள். ஏறக்குறைய 2,30,000 பிள்ளைகள் படித்தார்கள். ஆனால் ஏழாம் வகுப்பில் இருந்த கூட்டத்தோடு பன்னிரண்டாம் வகுப்புக் கூட்டத்தை ஒப்பிட்டால் மிஞ்சியது ஏழில் ஒரு பங்குதான்.

போனவர்களைப் பற்றி யூதக் கல்வியாளர்கள் நூற்றுக்கணக்கான கட்டுரைகள் எழுதிவிட்டார்கள். நான் இன்று பேச வந்தது மிஞ்சிய அந்த ஏழில் ஒரு பங்கைப் பற்றி. பரீட்சை இல்லை, கட்டாயம் இல்லை, பெரும்பாலும் மதிப்பெண்ணும் இல்லை. மறுநாள் காலை வேதியியல் தேர்வு இருக்கிறது. அப்படியிருந்தும் ஒரு 16 வயதுப் பெண் புதன்கிழமை இரவு ஏழு மணிக்கு வந்து உட்காருகிறாள். எதற்கு?

முதலில் இது என்ன வகைப் பள்ளி என்று சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் முழுநேர யூதப் பள்ளிகள் உண்டு. வைதிகப் பிரிவினரின் பிள்ளைகள் பெரும்பாலும் அங்கேதான் போகிறார்கள். மற்ற யூத வீடுகளின் பிள்ளைகள் எல்லோரையும் போல ஊர்ப் பொதுப்பள்ளிக்குப் போகிறார்கள். ஞாயிறு காலையும், வாரத்தில் ஒன்றிரண்டு மாலையும் ஜெப ஆலயத்துக்கு வந்து எபிரேய எழுத்தும் வேதமும் பண்டிகைகளும் படிக்கிறார்கள். ஆவணங்களில் இதன் பெயர் துணைப் பள்ளி. வீட்டில் எல்லோரும் சொல்வது 'ஹீப்ரூ ஸ்கூல்', அதுவும் ஒரு பெருமூச்சோடு.

கல்வியை ஊர்ப் பொறுப்பாக நினைப்பது யூதர்களுக்குப் புதிதல்ல. கி.பி. முதல் நூற்றாண்டில் யோசுவா பென் கம்லா என்ற தலைமைக் குரு ஊர்தோறும் ஆசிரியர்களை அமர்த்தி, ஆறேழு வயதுப் பிள்ளைகளைச் சேர்க்க ஏற்பாடு செய்தார் என்று, யூதச் சட்ட விவாதங்களின் தொகுப்பான தல்மூத் அவரைப் புகழ்கிறது. அதே இடத்தில் வகுப்பு அளவும் பேசப்படுகிறது: ஓர் ஆசிரியருக்கு 25 பிள்ளைகள், 40 ஆனால் கூட ஓர் உதவியாள், 50 ஆனால் இரண்டு ஆசிரியர்கள். நம் பள்ளி நிர்வாகிகள் இதைக் குறித்துக்கொள்ளலாம். கிழக்கு ஐரோப்பாவில் பிற்காலத்தில் 'ஹேடர்' என்ற திண்ணைப் பள்ளி நாள் முழுக்க நடந்தது. அமெரிக்காவுக்கு வந்தபோது அந்த நாள் முழுவதும் கைமாறிப் போயிற்று. இலவசப் பொதுப்பள்ளிதான் புது நாட்டுக்குள் நுழையும் வாசல் என்று வந்தேறிய யூதர்கள் நம்பினார்கள், நம்பியது சரியும்கூட. ஆகவே பகல் பொதுப்பள்ளிக்கு, மிச்ச நேரம் தோராவுக்கு. அந்த மிச்ச நேரத்தில்தான் இந்தப் பள்ளிகளின் முழு வரலாறும் நடந்திருக்கிறது.

அது ஒரு பெண்ணிடம் தொடங்குகிறது. ஃபிலடெல்ஃபியாவில் ரெபேக்கா கிராட்ஸ் என்று ஒருவர் இருந்தார். 1781இல் பிறந்தவர், வசதியான வணிகக் குடும்பம். மணம் செய்துகொள்ளவில்லை. தங்கை இறந்தபின் அவளுடைய பிள்ளைகளை வளர்த்தார். ஊரின் அநாதைகளுக்கும் ஏழைப் பெண்களுக்கும் சங்கங்கள் அமைத்து நடத்தினார். அக்கம்பக்கத்துப் புராட்டஸ்டன்ட் பெண்கள் ஞாயிற்றுக்கிழமைப் பள்ளி நடத்துவதைப் பார்த்தார். யூதப் பிள்ளைகளுக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று 1838இல் எபிரேய ஞாயிற்றுப் பள்ளியைத் திறந்தார். கட்டணம் கிடையாது. பாடம் ஆங்கிலத்தில். பையனும் பெண்ணும் சேர்ந்து படித்தார்கள். கற்றுக்கொடுத்தவர்கள் எல்லோரும் பெண்கள், சம்பளம் வாங்காதவர்கள். சமயக் கல்வி என்றால் ஆண்கள் ஆண்பிள்ளைகளுக்குத் தருவது என்றிருந்த ஒரு மரபில் இது எவ்வளவு பெரிய புரட்டல் என்பதை இன்று உணர்வது கொஞ்சம் கடினம்.

பாடப்புத்தகம்? அதுதான் எனக்குப் பிடித்த பகுதி. யூதப் பிள்ளைகளுக்கென்று ஆங்கிலத்தில் அச்சான பாடநூல் அப்போது கையில் இல்லை. கிறிஸ்தவ ஞாயிற்றுப் பள்ளிச் சங்கத்தின் வேதக் கேள்வி-பதில் புத்தகங்களை வாங்கி, யூதப் பிள்ளைகளுக்கு ஒவ்வாத பதில்களின்மேல் சின்னச் சின்னக் காகிதத் துண்டுகளை ஒட்டி மறைத்தார்கள். கோடை நாட்களில் உட்கார்ந்து அப்படிக் காகிதம் ஒட்டிய ஒரு மாணவி பிற்காலத்தில் அதை எழுதியும் வைத்திருக்கிறார். ஒட்டிய காகிதத்தை நகத்தால் கீறி அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்காத பிள்ளை எந்தச் சமயத்திலாவது இருந்திருக்குமா? விரைவிலேயே சொந்தப் பாடநூல்கள் வந்தன. ரெபேக்கா கால் நூற்றாண்டுக்கு மேல் அந்தப் பள்ளியின் தலைமைப் பொறுப்பில் இருந்தார். 1869இல் இறந்தார். அவருடைய சகோதரர் ஹைமன் கிராட்ஸ் எழுதிவைத்த அறக்கட்டளையிலிருந்து 1895இல் கிராட்ஸ் கல்லூரி பிறந்தது. யூதப் பள்ளிகளுக்கு ஆசிரியர்களை உருவாக்கும் கல்லூரி அது, பெண்களையும் சேர்த்துக்கொண்டது. பிறகு அதே கல்லூரி பதின்பருவத்தினருக்கு மாலை நேர உயர்நிலைப் பள்ளியும் நடத்தியது. அங்கே நாம் திரும்பி வருவோம்.

இடையில் இன்னொருவரைச் சொல்லாமல் தாண்ட முடியாது: சாம்சன் பெண்டர்லி. பாலஸ்தீனத்தின் சஃபேத் ஊரில் பிறந்து, பால்டிமோரில் மருத்துவம் படித்தவர். மருத்துவத்தைக் கைவிட்டு 1910இல் நியூயார்க்கின் யூதக் கல்விச் செயலகத்துக்குத் தலைவரானார். எபிரேயத்தை எபிரேயத்தின் வழியாகவே பேசிப் பழக்க வேண்டும் என்றார். பட வில்லைகளைத் திரையில் காட்டிப் பாடம் நடத்தச் சொன்னார். பல்கலைக்கழகம் போன இளைஞர்களைப் பிடித்துவந்து ஆசிரியர்களாகப் பயிற்றினார். பிற்கால யூதக் கல்வித் தலைவர்களில் பலர் அவருடைய 'பையன்கள்'தான். பகலில் எல்லோரோடும் பொதுப்பள்ளி, மாலையில் நல்ல யூதப் பள்ளி என்ற ஏற்பாட்டை உறுதியாக நம்பியவர். நல்ல என்ற சொல்தான் அவரைத் தூங்கவிடாமல் செய்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு யூதக் குடும்பங்கள் நகரங்களை விட்டுப் புறநகர்களுக்குப் பெயர்ந்தன. புதிய ஜெப ஆலயங்கள் எழுந்தன, ஒவ்வொன்றிலும் வகுப்பறைகள். 1960களின் தொடக்கத்தில் மாணவர் எண்ணிக்கை உச்சத்தைத் தொட்டது. ஆலய நிர்வாகிகள் ஒரு கெட்டிக்காரத்தனம் செய்தார்கள்: இத்தனை ஆண்டுகள் எங்கள் பள்ளியில் படித்திருந்தால்தான் உங்கள் பிள்ளைக்கு இங்கே பார் மிட்ஸ்வா என்று விதி வைத்தார்கள். பள்ளி நிரம்பியது. கூடவே படிப்பின் நோக்கமும் சுருங்கிப்போயிற்று. ஒரு நாள் ஓதுவதற்கான ஒத்திகை, அவ்வளவுதான். ஒத்திகை முடிந்து அரங்கேற்றமும் முடிந்துவிட்டால் யார் மறுபடி வருவார்கள்? எலிக் கதைக்கு இந்த விதியும் ஒரு காரணம். நுழைவாயிலில் வைத்த பூட்டு, வெளியேறும் கதவை அகலத் திறந்துவிட்டது.

அந்தக் காலத்து வகுப்பறையின் மணம் தெரிய வேண்டுமானால் எழுத்தாளர் ஃபிலிப் ராத் 1959இல் வெளியிட்ட முதல் புத்தகத்தில் ஒரு சிறுகதை இருக்கிறது. ஹீப்ரூ ஸ்கூலில் கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்டு ரபியிடம் அடிவாங்கிய பையன் ஆலயத்தின் மொட்டைமாடிக்கு ஓடிப்போய், குதித்துவிடுவேன் என்று ஊரையே மண்டியிட வைக்கிறான். கோயன் சகோதரர்கள் 2009இல் எடுத்த 'எ சீரியஸ் மேன்' படத்தில், 1967ஆம் ஆண்டு மினசோட்டாவில், ஒரு பையன் எபிரேய இலக்கண வகுப்பில் காதில் டிரான்சிஸ்டர் ஒயரைச் செருகிக்கொண்டு ராக் பாட்டுக் கேட்கிறான். பிடுங்கிக்கொள்கிறார்கள். இரண்டையும் எழுதியவர்கள் அந்த வகுப்புகளை அறிந்தவர்கள். பையனின் கேள்விக்கு இடமில்லாத வகுப்பு என்பதுதான் இரண்டிலும் உள்ள புகார்.

சரி, 13க்குப் பிறகு என்ன இருக்கிறது?

சீர்திருத்த யூதர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஜெர்மனியில் ஒரு வழி கண்டார்கள். 13 வயது சிறுபிள்ளை வயது. 15, 16இல் ஒரு வகுப்பாகப் படித்து ஷாவுவோத் பண்டிகையன்று, சீனாய் மலையில் தோரா அருளப்பட்ட நாளாக அவர்கள் கொண்டாடும் அன்று, எல்லோரும் சேர்ந்து உறுதி எடுத்துக்கொள்ளட்டும் என்றார்கள். அமெரிக்காவில் இன்றும் பத்தாம் வகுப்பில் இது நடக்கிறது. ஒரு விழாவில் ஓடிப்போகிறவர்களைப் பிடிக்க இன்னொரு விழா வைத்ததில் எனக்குப் பெரிதாக ஈர்ப்பில்லை. பெண்களுக்கும் விழாவில் இடம் கிடைத்தது அதன் நன்மை. பாட் மிட்ஸ்வா அமெரிக்காவில் பொதுவில் முதன்முதலாக நடந்ததே 1922 மார்ச் 18இல்தான். நியூயார்க்கில் மோர்டெகாய் காப்லான் என்ற ரபி தன் 12 வயது மகள் ஜூடித்தைச் சபை நடுவே ஓத வைத்தார். அன்றும் அவள் கையில் இருந்தது அச்சுப் புத்தகம், தோராச் சுருளை அவள் தொடவில்லை.

மற்றொரு வழி, பல ஆலயங்களின் பிள்ளைகளை ஒரே இடத்தில் சேர்க்கும் சமூக உயர்நிலைப் பள்ளி. ஃபிலடெல்ஃபியாவில் கிராட்ஸ் நடத்தியது அப்படிப்பட்டது. பாஸ்டனில் ஹீப்ரூ கல்லூரியின் 'ப்ரோஸ்டோர்' இன்னொன்று. ஓர் ஆலயத்தில் ஒன்பதாம் வகுப்பில் நான்கு பேர்தான் மிஞ்சுவார்கள். நான்கு பேரை வைத்து விவாதம் நடத்த முடியாது, நட்பும் அமையாது. பத்து ஆலயத்து நாற்பது பேரை ஒரே கூரைக்குக் கீழே கொண்டுவந்தால் அது வேறு உலகம். இந்த எளிய கணக்கைத்தான் நம்மில் பலர் போட மறுக்கிறோம், என் பள்ளி, உன் பள்ளி என்று.

அங்கே ஒரு மாலை எப்படி இருக்கும்? முதலில் பீட்சா. யூத உணவு விதிப்படி செய்த கோஷர் பீட்சா. இதைச் சிரிப்புக்காகச் சொல்லவில்லை. கால்பந்துப் பயிற்சியிலிருந்து வியர்வையோடு வரும் பையனுக்கும் நாடக ஒத்திகையிலிருந்து வரும் பெண்ணுக்கும் அந்த அரைமணி நேரம்தான் பள்ளியே. பிறகு இரண்டு வகுப்பு வேளைகள். எதில் உட்காருவது என்பதைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கிறது. நவீன எபிரேயம், தீர்க்கதரிசிகள், மருத்துவ அறநெறி, யூத நகைச்சுவை, திரைப்படம், சபாத் என்ற ஓய்வுநாளுக்கான ரொட்டியைப் பின்னிச் சுடுவது, கிட்டாரோடு பாடுவது. பட்டியலைப் பார்த்து முகம் சுளிக்கும் மூத்தவர்கள் அங்கும் உண்டு. ரொட்டி சுடுவதெல்லாம் ஒரு படிப்பா என்பார்கள். ரொட்டி வகுப்பில் சேர்ந்தவன் பக்கத்து அறையில் கேட்கும் சத்தத்தால் இழுக்கப்பட்டு அடுத்த பருவத்தில் தல்மூத் வகுப்புக்குப் போகிறான். அந்தச் சத்தத்தைப் பற்றித்தான் நான் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

தல்மூத் பக்கத்தை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நடுவில் ஒரு பத்தி: மூலச் சட்டமும் அதன்மேல் பழைய ரபிகள் செய்த வாதமும். உள்ஓரத்தில் பதினோராம் நூற்றாண்டு பிரான்சின் ராஷி எழுதிய உரை. வெளிஓரத்தில் அவருடைய பேரப்பிள்ளைகளும் அவர்கள் வழி வந்தவர்களும் ராஷியையே மடக்கிக் கேட்ட குறிப்புகள். நூலுக்கு உரை, உரைக்கு மறுப்பு, எல்லாம் ஒரே பக்கத்தில். பரிமேலழகரையும் அவரை மறுத்தவர்களையும் குறளைச் சுற்றி ஒரே தாளில் அச்சடித்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பக்க அமைப்பைப் பாபிலோனியத் தல்மூத் முழுவதற்கும் 1520 முதல் 1523 வரை வெனிசில் அச்சிட்டு நிலைநாட்டியவர் டேனியல் பாம்பெர்க் என்ற கிறிஸ்தவர். இன்றும் உலகெங்கும் அவருடைய தாள் எண்களைச் சொல்லித்தான் மேற்கோள் காட்டுகிறார்கள்.

இதை ஆசிரியர் விளக்க, பிள்ளைகள் கேட்பதில்லை. இருவர் இருவராக உட்காருகிறார்கள். அதற்கு ஹெவ்ரூத்தா என்று பெயர். ஒருவர் உரக்கப் படிப்பார், மற்றவர் மறுப்பார். அறையில் பத்து ஜோடி இருந்தால் பத்துச் சண்டை. அமைதியான தல்மூத் வகுப்பு என்பது தோற்றுப்போன வகுப்பு. அரமேயமும் எபிரேயமும் தெரியாத பிள்ளைகளுக்கு மொழிபெயர்ப்பு இருக்கிறது. 2011இல் தொடங்கப்பட்ட செஃபாரியா என்ற இலவச மின்னூலகம் தல்மூத் முழுவதையும் ஆங்கிலத்தோடு கைப்பேசிக்கே கொண்டுவந்துவிட்டது. ஆகவே வகுப்பில் போனை உள்ளே வை என்று ஆசிரியர் அதட்டவும் வழியில்லை.

தொடக்க வகுப்புக்கு உகந்த வழக்கு ஒன்று உண்டு. 'பாவா மெட்சியா' என்ற பகுதி அதில்தான் தொடங்குகிறது. இருவர் ஒரு மேலாடையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். நான்தான் கண்டெடுத்தேன், முழுவதும் என்னுடையது என்கிறார் ஒருவர். இல்லை, முழுவதும் என்னுடையது என்கிறார் மற்றவர். இருவரும் சத்தியம் செய்து பாதிப் பாதி எடுத்துக்கொள்ள வேண்டும். இது எந்தப் பிள்ளைக்கும் புரியும். அடுத்த வரிதான் பொறி. ஒருவர் முழுவதும் எனது என்கிறார், மற்றவர் பாதி எனது என்கிறார். இப்போது எப்படிப் பிரிப்பது? பெரும்பாலான பிள்ளைகள் மூன்றில் இரண்டு, மூன்றில் ஒன்று என்பார்கள். கேட்ட அளவின் விகிதம். தல்மூத் சொல்வது முக்கால், கால். ஏன் என்று ஜோடிகள் மோதிக்கொள்ளும். பாதி எனது என்றவர் மறுபாதி தனதில்லை என்று தானே ஒப்புக்கொண்டுவிட்டார். தகராறு மிச்சப் பாதியில் மட்டும்தான், அதைத்தான் சமமாகப் பிரிக்கிறோம். இதைத் தானாகக் கண்டுபிடிக்கிற பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

கணக்கு ஆர்வமுள்ள பிள்ளைகளுக்கு இன்னும் ஒரு படி இருக்கிறது. வேறொரு பகுதியில், மூன்று மனைவியரை விட்டு ஒருவர் இறந்துபோகிறார். அவர்களுக்கு வர வேண்டிய தொகைகள் 100, 200, 300. சொத்து 100 மட்டும் இருந்தால் சமமாகப் பிரி என்கிறது நூல். 300 இருந்தால் 50, 100, 150. 200 இருந்தால் 50, 75, 75. இந்தக் கடைசிக் கணக்கு நூற்றாண்டுகளாக அறிஞர்களின் தலையைச் சுற்ற வைத்தது. 1985இல் ராபர்ட் ஔமான், மைக்கேல் மாஷ்லர் என்ற இரு கணிதர்கள், மேலாடை வழக்கின் விதியையே இருவர் இருவராகப் பொருத்திப் பார்த்தால் மூன்று கணக்கும் ஒத்துவருகிறது என்று காட்டினார்கள். ஔமான் 2005இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றவர். வீட்டுக்குப் போய்ப் போட்டுப் பாருங்கள்: 50ஐயும் 75ஐயும் கூட்டினால் 125. 100 கேட்பவர் அதில் 25ஐ விட்டுக்கொடுக்கிறார், மிச்சம் 100 பாதிப் பாதி. கடைசி வரிசையில் யாரோ பேனா எடுப்பது தெரிகிறது. நல்லது.

இன்னொரு வழக்கு சிரிப்பை நிறுத்திவிடும். இருவர் பாலைவனத்தில் நடக்கிறார்கள். ஒருவரிடம் ஒரு குடுவைத் தண்ணீர். இருவரும் குடித்தால் இருவரும் சாவார்கள். ஒருவர் மட்டும் குடித்தால் அவர் ஊர் போய்ச் சேருவார். பென் பெத்தூரா என்ற ஆசான், இருவரும் குடித்துச் சாகட்டும், ஒருவர் சாவை மற்றவர் பார்க்க வேண்டாம் என்றார். ரபி அகிவா, உன் உயிர்தான் முதலில் என்றார். 2020இல் மருத்துவமனைகளில் வென்டிலேட்டர் போதாமல் போகுமோ என்று உலகம் பயந்தபோது யூத அறநெறியாளர்கள் மறுபடி எடுத்து வைத்துப் பேசிய பத்தி இது. பதினைந்து வயதுப் பிள்ளைகள் இதில் எழுப்புகிற கேள்விகள் கடுமையானவை. தண்ணீர் வைத்திருப்பது அப்பா, கூட வருவது குழந்தை என்றால்? தண்ணீர் இருவருக்கும் பொதுவானது என்றால்? குடுவையை வைத்திருப்பவர் கிழவர், மற்றவர் மருத்துவர் என்றால்? நல்ல ஆசிரியர் இங்கே வாயை மூடிக்கொள்கிறார். அந்த 16 வயதுப் பெண் ஏன் வருகிறாள் என்பதற்கு என் பதிலில் பாதி இதுதான். பகல் பள்ளியில் அவளுடைய பதில் சரியா தவறா என்றுதான் பார்க்கிறார்கள். இங்கே இரண்டாயிரம் ஆண்டு வாதத்தில் அவள் குரலுக்கு ஓர் ஓரம் ஒதுக்கியிருக்கிறார்கள்.

மறுபாதிக்கு வருகிறேன். அது கையால் செய்யும் வேலை.

பல ஊர்களில் பதின்பருவத்தினருக்கான அறக்கொடைக் குழுக்கள் இருக்கின்றன. ஓர் அறக்கட்டளை கொஞ்சம் பணம் தரும், பிள்ளைகள் தங்கள் பார் மிட்ஸ்வா, பாட் மிட்ஸ்வாவில் வந்த மொய்ப் பணத்தில் கொஞ்சம் போடுவார்கள். பிறகு ஓர் ஆண்டு முழுக்க வேலை. உணவு வங்கி, முதியோர் இல்லம், அகதிகளுக்கு உதவும் அமைப்பு என்று விண்ணப்பங்கள் வரும். பிள்ளைகள் வரவு-செலவைப் படிக்கக் கற்றுக்கொள்கிறார்கள், நேரில் போய்ப் பார்க்கிறார்கள், கடைசியில் வட்டமாக உட்கார்ந்து வாக்கெடுக்கிறார்கள். பணம் எப்போதும் போதாது என்பதால் யாரையாவது மறுத்துத்தான் ஆக வேண்டும். பன்னிரண்டாம் நூற்றாண்டின் மைமோனிடிஸ் ஈகையை எட்டுப் படிகளாக வகுத்தார். மனமில்லாமல் கொடுப்பது அடிப்படி. கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் ஒருவரையொருவர் தெரியாமல் கொடுப்பது மேலிருந்து இரண்டாவது. உச்சியில் இருப்பது கடனோ, வேலையோ, தொழிலில் பங்கோ தந்து ஒருவரை மறுபடி கை நீட்டாத நிலைக்குக் கொண்டுவருவது. இந்த எட்டையும் மனப்பாடம் செய்வது ஒரு வகுப்பு. இலவச உணவுக்குத் தருவதா, தொழிற்பயிற்சிக்குத் தருவதா என்று உண்மையான பணத்தை முன்னால் வைத்துக்கொண்டு சண்டை போடுவது வேறு வகுப்பு. சீர்திருத்தப் பிரிவினர் உயர்நிலைப் பிள்ளைகளை வாஷிங்டனுக்கு அழைத்துப்போய், ஒரு சட்டத்தைப் பற்றிப் படிக்க வைத்து, தங்கள் தொகுதி உறுப்பினரின் அலுவலகத்தில் அவர்களையே பேசவைக்கிறார்கள். ஓட்டுரிமை இல்லாத வயதில் இது ஒரு போதை.

எல்லாம் நன்றாக நடக்கிறது என்று சொல்ல நான் வரவில்லை. நாஜிகள் நடத்திய யூத இனப்படுகொலை பற்றிய பாடம் இந்தப் பள்ளிகளின் கனமான பகுதி. உயிர்தப்பியவர்கள் வகுப்புக்கு வந்து பேசினார்கள். அவர்கள் இப்போது மறைந்துகொண்டிருக்கிறார்கள். 1988 முதல் பதின்பருவத்தினர் ஆஷ்விட்ஸ் வதைமுகாமிலிருந்து பிர்கெனாவ் முகாம் வரை நடந்து, பின் இஸ்ரேல் போகும் பயணமும் நடக்கிறது. நினைவைக் கொடுப்பது கடமை, மறுக்கவில்லை. ஆனால் ஒரு பிள்ளைக்கு நாம் தரும் முதல் முக்கியமான காரணம் 'நம்மைக் கொன்றார்கள், ஆகவே நீ விட்டுவிடாதே' என்பதாக இருந்தால் அந்தப் பிள்ளை குற்ற உணர்வோடுதான் உட்காரும். குற்ற உணர்வு இரண்டு வருடம் தாங்கும், அதற்குமேல் தாங்காது. ஈழத்திலிருந்து வந்த குடும்பங்கள் இந்த அவையில் இருக்கின்றன. இதை நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

இஸ்ரேல் பாடத்தில் இதைவிடப் பெரிய இடறல். தல்மூதில் எதையும் கேள் என்று பழக்கிய அதே பள்ளிகள் பல, இஸ்ரேல் என்று வந்தால் கேள்வியைச் சுருட்டி வைத்தன. கல்லூரிக்குப் போய்ப் பாலஸ்தீனர்களின் தரப்பை முதன்முதலாகக் கேட்ட பழைய மாணவர்கள், எங்களிடம் ஏன் இதைச் சொல்லவே இல்லை என்று வெளிப்படையாகக் கோபப்பட்டார்கள். 2023 அக்டோபர் 7 ஹமாஸ் தாக்குதலுக்கும் அதைத் தொடர்ந்த காசா போருக்கும் பிறகு இந்த வகுப்பை நடத்துவது இன்னும் கடினம். ஒரே மேசையில் பயந்த பிள்ளையும் வெட்கப்படும் பிள்ளையும் கோபத்தில் இருக்கும் பிள்ளையும் உட்கார்ந்திருக்கிறார்கள். சில பள்ளிகள் இப்போது இரு தரப்பின் எழுத்துகளையும் மேசைமேல் வைக்கின்றன. சில இன்னும் பழைய காகிதத் துண்டுகளை ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

எண்ணிக்கையும் விழுந்துவிட்டது. 2023இல் வெளியான கணக்கெடுப்பு, அமெரிக்காவிலும் கனடாவிலும் சேர்த்துத் துணைப் பள்ளிகளில் ஏறக்குறைய 1,41,000 பிள்ளைகள் இருப்பதாகச் சொன்னது. பதினைந்து ஆண்டுகளுக்கு முந்தைய கணக்கோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு போய்விட்டது. இருக்கும் பள்ளிகளில் சில, மாலை வகுப்புகளை இணையத்துக்கு மாற்றிவிட்டன.

கடைசியாக ஒன்று, இது உங்கள் பள்ளிகளில் நாளைக்கே செய்யக்கூடியது என்பதால் கடைசியில் வைத்தேன். யூதப் பள்ளிகளில் எட்டாம் வகுப்பு தாண்டியவர்களை 'மத்ரிக்' என்ற உதவி ஆசிரியர்களாக எடுத்துக்கொள்கிறார்கள். ஞாயிறு காலை சின்னப் பிள்ளைகள் எபிரேய எழுத்துக் கூட்டிப் படிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் அவர்கள்தான். படிக்கத் தடுமாறும் ஏழு வயதுப் பையன் ரபியிடம் சொல்லாததை இந்த அண்ணனிடம் சொல்கிறான். நல்ல பள்ளிகள் அவர்களுக்கு மாதம் ஒருமுறை பயிற்சி தருகின்றன: அழும் குழந்தையை எப்படி அணுகுவது, ஒரு விளையாட்டை எப்படிப் பாடமாக்குவது. பல இடங்களில் ஒரு சிறு தொகை சம்பளமாகவும் உண்டு.

சமயம் கற்றுத்தரக் காசா என்று அங்கேயும் ஒரு சாரார் எதிர்த்தார்கள். தொண்டு என்ற உணர்வு கெட்டுவிடும் என்பது அவர்கள் வாதம். ரெபேக்கா கிராட்ஸின் பெண்கள் சம்பளம் வாங்கவில்லையே என்றும் சொல்வார்கள். அவர்கள் வசதியான வீட்டுப் பெண்கள், அதை மறந்துவிடுகிறார்கள். சனி ஞாயிறில் ஐஸ்கிரீம் கடையில் வேலை செய்து தன் செலவைப் பார்த்துக்கொள்ள வேண்டிய பிள்ளைக்கு, சம்பளமில்லாத வகுப்பறை என்பது எட்டாத ஆடம்பரம். கொடுங்கள். அந்தக் கடை கொடுப்பதைவிட ஒரு டாலராவது கூடக் கொடுங்கள், பயிற்சியும் கொடுங்கள், சரியாக வராத நாளில் கண்டிக்கவும் செய்யுங்கள். பட்ஜெட்டில் எங்கிருந்து எடுப்பது என்று பொருளாளர் கேட்பார். அதற்கு என்னிடம் ஒரு யோசனை இருக்கிறது, ஆண்டு விழாச் செலவைப் பற்றியது. அதைக் கேள்வி நேரத்தில் அவர் கேட்டால் சொல்கிறேன்.